தேசப்பன் எண்ணிய மூன்று நிறங்கள்

ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகியும் எங்கள் சர்வீஸ் சென்டரின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கவில்லை. மறதியா மரியாதையா என்று தெரியாது. கேட்டால் நீக்கிவிடுவார்களோ என்று நானும் கேட்கவில்லை. போன மாதம் அதில் ஓர் அறிவிப்பு வந்தது. இனி ஒரு வீட்டில் டி.வி. மாட்ட இருபது நிமிடம்தான். எப்படி இயக்குவது என்பதை வாடிக்கையாளர், அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் கட்டத்தைப் போனில் ஸ்கேன் செய்து வீடியோவாகப் பார்த்துக்கொள்வார். மாட்டினோமா, ஓடிபி வாங்கினோமா, அடுத்த வீட்டுக்குக் கிளம்பினோமா என்று இருக்க வேண்டும்.

அதன் கீழே பவித்ரா என்ற பெண் எனக்கு ஒரு கேள்வி போட்டிருந்தாள். நான் வெளியே வந்த பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். நேரில் பார்த்ததில்லை. "அண்ணா, நீங்க ஒரு ஊட்டுக்குப் போனா ஒன்ற மணி நேரம் எடுத்துப்பீங்களாமே. அவ்ளோ நேரம் இன்னா பண்ணுவீங்க?" பக்கத்தில் பல்லைக் காட்டிச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி ஒன்று.

எனக்குச் சுருக்கென்றது. போனிலேயே பதில் தட்ட ஆரம்பித்தேன். நாலு வரிக்குள் கட்டைவிரல் வலித்தது. என் மனைவி, "நோட்டுல எழுதுங்க, போட்டோ புடிச்சி அனுப்பிக்கலாம்" என்றாள். அப்படி எழுத உட்கார்ந்ததுதான் இது. நீளமாகத்தான் போகும். அவசரக்காரர்கள் வீடியோ பார்த்துக்கொள்ளலாம்.

நான் சோழவரத்துக்காரன். ஐ.டி.ஐ. முடித்து, செங்குன்றத்தில் ஒரு ரேடியோ கடையில் மூன்று வருடம் ஈயம் பற்றவைத்து விரலைச் சுட்டுக்கொண்டேன். பிறகு கும்மிடிப்பூண்டி சர்வீஸ் சென்டரில் சேர்ந்தேன். தொழிற்பேட்டை அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. கம்பெனிகளில் வேலை கிடைத்தவர்கள் முதல் போனஸில் வாங்குவது டி.வி.யாகத்தான் இருந்தது. இரண்டு ஆள் சேர்ந்து தூக்கிய பிக்சர் டியூப் பெட்டிகளில் தொடங்கி, ஒரு கையில் இடுக்கிக்கொண்டு போகிற தட்டை டி.வி. வரை எல்லாவற்றையும் வீடுகளில் இறக்கி வைத்திருக்கிறேன். படித்துக் கற்றது கொஞ்சம். மீதியெல்லாம் தயாளன் சார் போட்ட பிச்சை.

தயாளன் சார் எங்கள் சென்டரின் மேலாளர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அதுதான் பேஜாரு. கத்துகிற மேலாளர் கத்தி முடித்துவிட்டு டீ வாங்கித் தருவார், விஷயம் அதோடு போகும். இவர் அப்படியில்லை. நாங்கள் வேலை முடித்துவிட்டு வந்த வீட்டுக்குச் சாயங்காலம் அவரே போன் செய்வார். மூன்று கேள்வி கேட்பார். "மொதல்ல யாரு கையால டி.வி.ய போட்டீங்க? சத்தத்தை யாரு வெச்சாங்க? எங்க உக்காந்து பாக்குறீங்க?" இவற்றில் ஒன்றுக்காவது "மெக்கானிக்குதான் போட்டாரு" என்று பதில் வந்துவிட்டால், மறுநாள் காலை நான் கையெழுத்து வாங்கி வந்த மஞ்சள் தாள் என் மேஜையில் கவிழ்ந்து கிடக்கும். ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அதே வீட்டுக்கு மறுபடி போக வேண்டும். கவிழ்ந்த தாளைப் பார்த்தால் எனக்கு நாஷ்டா இறங்காது.

அவருடைய முறை இதுதான். டி.வி.யைப் பொருத்தியதும் ரிமோட்டை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, நாம் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். அவர்கள் தப்பாக அழுத்தினாலும் பிடுங்கக் கூடாது. வாயால் மட்டும் சொல்லலாம். மூன்று முறை போட்டு, மூன்று முறை அணைக்க வேண்டும். வீட்டில் எத்தனை பேர் பார்க்கப் போகிறார்களோ அத்தனை பேர் உட்காரும் இடத்திலும் நாம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். டி.வி.க்கு ஒரு ரிமோட், செட்டாப் பாக்ஸுக்கு ஒரு ரிமோட் என்று ஆன பிறகு, எதை எதற்கு அழுத்துவது என்று ஊரே குழம்பியது. அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம் நகப்பூச்சு. டி.வி. ரிமோட்டின் ஆன் பட்டனில் ஒரு சிவப்புப் பொட்டு. பாக்ஸ் ரிமோட்டின் சேனல் பட்டனில் இன்னொன்று. நான் பல வருடம் ஸ்க்ரூ டிரைவரோடு நகப்பூச்சுப் பாட்டிலும் சுமந்தேன். "ஊர்ல கீற ரிமோட்டுக்கெல்லாம் பொட்டு வெச்சிட்டு வர்றீங்க, எனக்கு ஒரு பாட்டில் வாங்கியாரத் தோணல" என்று என் மனைவி இன்றைக்கும் குத்திக்காட்டுவாள்.

கடைசியாகப் பட்டை எண்ணுவது. எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு பென் டிரைவ் கொடுத்திருந்தார். அதில் ஒரே ஒரு படம்தான். இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழே நீண்ட எட்டுப் பட்டைகள். வெள்ளை, மஞ்சள், இளநீலம், பச்சை, கத்திரிப்பூ, சிவப்பு, நீலம், கறுப்பு. அந்தப் படத்தைப் போட்டுவிட்டு, வீட்டுக்காரரிடம், "எத்தனை நிறம் தெரியுது?" என்று கேட்க வேண்டும். கறுப்பை யாரும் எண்ண மாட்டார்கள். ஏழு என்பார்கள். ஏழு என்றால் டி.வி. நன்றாக இருக்கிறது என்று எழுதலாம். ஒருமுறை நான், "எதுக்கு சார் அவங்களை எண்ணச் சொல்லிக்கினு? எனக்குக் கண்ணு இல்லியா?" என்று கேட்டேன். "உனக்குத் தெரியுறத நம்பி எழுதாதப்பா. பாக்கப்போறது நீ இல்ல" என்றார்.

அப்போது அது எனக்கு வெறும் பேச்சாகத்தான் இருந்தது.

அது கொஞ்சம் மண்டையில் ஏறியது ஆரம்பாக்கத்தில். நெல் வயலும் கிணறும் உள்ள வசதியான குடும்பம். வீட்டம்மா பெயர் சரோஜா. டி.வி. மாட்டி ஒரே மாதத்தில் ரிமோட் வேலை செய்யவில்லை என்று இரண்டு முறை புகார். இரண்டு முறையும் நான் போய், பேட்டரி மாற்றி, நானே அழுத்திப் பார்த்து, நன்றாக வேலை செய்கிறதே என்று எரிச்சலோடு திரும்பினேன். மூன்றாவது புகாருக்கு சார், "இந்த வாட்டி எதையும் தொடாத. சும்மா உக்காந்து பாரு" என்று சொல்லி அனுப்பினார். உட்கார்ந்தேன். சரோஜாம்மா ரிமோட்டைத் தரையைப் பார்த்துப் பிடித்து அழுத்தினார். ஐந்து தடவைக்கு ஒரு தடவை டி.வி. போனால் போகிறது என்று கேட்டுக்கொண்டது. "நேரா நீட்டி அழுத்துங்கம்மா" என்றேன். "மேல பெருமாள் கீறாரு. அவரு மூஞ்சிக்கு நேரா எப்டிப்பா கைய நீட்டுறது?" என்றார். டி.வி.க்கு மேலே ஓரடி உயரத்தில் சாமி அலமாரி. அதற்குக் கீழே மாட்டியவன் நான்தான். அந்தம்மா ஒரு மாதமாகப் பெருமாளுக்கும் சீரியலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்திருக்கிறார். வாயைத் திறந்து சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று ரிமோட் மேல் பழி போட்டிருக்கிறார். டி.வி.யைக் கழற்றிப் பக்கத்துச் சுவரில் மாட்டினேன். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து புகாரே வரவில்லை.

எளாவூரில் நெடுஞ்சாலை ஓரத்து வீடு ஒன்றில், லாரி போகும்போதெல்லாம் சுவர் அதிர்வதைக் கவனிக்காமல் ஆணி அடித்துவிட்டு வந்ததில், பத்தே நாளில் டி.வி. ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது தனிக் கதை. அந்த வீட்டுக்காரர் தலையைச் சாய்த்துக்கொண்டே நாலு நாள் செய்தி பார்த்திருக்கிறார். சுவரில் கையை வைத்து, ஒரு லாரி போகும்வரை காத்திருந்து, பிறகுதான் துளை போட வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

இனி தேசப்பன் அண்ணன் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்காது.

பழவேற்காடு ஏரியோரம் ஒரு குப்பம். ஏரியில் இறால் பிடிக்கிற குடும்பங்கள். அங்கே வேலு என்ற பையன் முப்பத்திரண்டு அங்குல டி.வி. ஒன்று வாங்கியிருந்தான். கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலையில் வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். ஒரு புதன்கிழமை காலை நான் போனேன். அரசு கட்டிக்கொடுத்த வீடு. நீளமான ஒரே கூடம், பின்னால் சமையலறை. கூடத்தில் சுவரோடு ஒட்டிப் போட்ட இரும்புக் கட்டிலில் வேலுவின் அப்பா தேசப்பன் படுத்திருந்தார். நாலு மாதம் முன்பு வாதம் அடித்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும். உருண்டு விழுந்துவிடக் கூடாது என்று கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். மல்லாந்து படுத்தால் அவருக்கு வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் கூடம்.

நான் துளை போடும் மெஷினை எடுத்ததுமே வேலுவின் அம்மா கன்னியம்மா சமையலறையிலிருந்து வந்து தடுத்தார்.

"சொவுத்துல ஓட்ட போடாத தம்பி. மேஜ மேல வெச்சிட்டுப் போ. ஞாயித்துக்கெழம இது வேற ஊட்டுக்குப் போவப்போவுது."

நான் வேலுவைப் பார்த்தேன். அவன் குரலைத் தாழ்த்தாமலே சொன்னான். "அப்பாவ அத்த ஊட்டுக்கு அனுப்பறோம்ண்ணா, பொன்னேரிக்கு. அப்பாவோட தங்கச்சி. அம்மா பாத்துக்கிறது அவருக்குப் புடிக்கல. டி.வி.யும் அவரு கூடவே போவும்."

சொல்லப்படுகிறவர் அங்கேயே படுத்திருக்கிறார். எனக்குச் சங்கடமாக இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் போய், "வணக்கம்ண்ணே, டி.வி. வெக்க வந்துகீறேன்" என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சரி, கோபக்கார மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். வாசலிலிருந்தும் சமையலறையிலிருந்தும் தெரியும்படி கூடத்தின் நடுவில் மேஜையைப் போட்டு டி.வி.யை வைத்தேன். வேலு போட்டான், அணைத்தான், ஏழு நிறம் என்றான், கையெழுத்துப் போட்டான். கன்னியம்மாவிடம் ரிமோட்டை நீட்டினேன். "எனக்கெதுக்கு" என்று உள்ளே போய்விட்டார். தேசப்பனிடம் நீட்டவே இல்லை. எந்த மெக்கானிக்கும் நீட்டியிருக்க மாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

மறுநாள் மஞ்சள் தாள் கவிழ்ந்து கிடந்தது.

வழக்கத்துக்கு மாறாக சாரிடமே போய் நின்றேன். அவர் கேட்டார்.

"அந்த ஊட்டுல டி.வி. யாருக்காக வாங்கினாங்க?"

"அவங்க அப்பாவுக்கு சார்."

"அவரு எண்ணினாரா?"

"அவரால முடியாது சார். வாதம் அடிச்சிக்கீது."

"முடியாதுன்னு அவரு சொன்னாரா, நீ சொல்றியா?"

எனக்கு வந்தது கோபம். முப்பது வருடமாக இதே வேலை செய்கிறவனை இன்னும் பரீட்சை எழுதச் சொல்கிறாரே என்று. முணுமுணுத்துக்கொண்டேதான் வெள்ளிக்கிழமை காலை மறுபடி அந்தக் குப்பத்துக்குப் போனேன். வேலுவுக்கு அன்று மதிய ஷிப்ட், வீட்டில் இருந்தான். "இன்னாண்ணா, டி.வி. நல்லாத்தான் கீது" என்றான். "எங்க சார் உங்கப்பாவ எண்ணச் சொன்னாருப்பா" என்றேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

அவர் படுத்தபடி பார்க்க வேண்டுமானால் டி.வி. கால்மாட்டுக்கு வர வேண்டும். பிளக் பாயிண்ட் கால்மாட்டில், கட்டில் ஒட்டியிருந்த அதே சுவரில் இருந்தது. மேஜையை அங்கே நகர்த்திவிட்டு, சுவரோரம் குந்தி உட்கார்ந்து ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தேன். யாரோ என்னைப் பார்ப்பதுபோல் இருக்க, நிமிர்ந்தேன். தேசப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமான முகமே இல்லை.

"எந்த ஊரு நைனா?" என்றார். குழறல்தான், ஆனால் புரிந்தது.

"சோழவரம்ண்ணே."

"ஏரி ரொம்பிக்கீதா?"

"ரொம்பிக்கீதுண்ணே. கரையில நின்னா கால் நனையுது."

அவர் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் ஏறியது, ஆனாலும் நல்ல சிரிப்பு. பின்னால் மீன் கழுவிக்கொண்டிருந்த கன்னியம்மா பேச்சுச் சத்தம் கேட்டு ஈரக் கையோடு ஓடி வந்தார். கட்டிலுக்குக் கூடத்துப் பக்கம் நின்று, "இன்னாங்க, பேசுனீங்களா? இன்னா வோணும்?" என்றார். தேசப்பனின் முகத்தில் இருந்த சிரிப்பு குழப்பமாக மாறியது. தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். கன்னியம்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனார்.

கரண்ட் லைனின் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் பின்பக்கம் போனபோது அவர் மீன் தட்டுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"யாரு எவுருன்னு தெரியாத உங்கிட்ட பேசுறாரு. எங்கிட்ட மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. நாலு மாசமா இப்டித்தான் தம்பி. சோறு ஊட்டுனா வாயத் தொறப்பாரு. என்னிய ஏறெடுத்துப் பாக்கமாட்டாரு."

"ஒடம்பு சரியில்லாதவருதானம்மா."

"அது ஒடம்பு இல்ல தம்பி. நான் பேசுன பேச்சு. வயசாயிருச்சி, இனிமே ஏரிக்குப் போவாத, வேலு கம்பெனில வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வெச்சிக்கீறான், அதுக்குப் போன்னேன். மாட்டேன்னாரு. எனக்கும் கோவம். இனிமே தண்ணில கால வெச்சா என் மூஞ்சிலயே முழிக்காதன்னு சொல்லிட்டேன். மறுநா காலைல ஏரிக்குத்தான் போனாரு. படவுல ஏறும்போதே உழுந்துட்டாரு. அதுலேர்ந்து என் மூஞ்சில முழிக்கல." கையில் ஒட்டியிருந்த செதிலை உரித்துக்கொண்டே தொடர்ந்தார். "இருவத்தெட்டு வருசம் தம்பி. நான் எதுர்ல கீறதுதான் அவுருக்கு நோவுன்னா, அவரு தங்கச்சி ஊட்லயாவது நிம்மதியா இருக்கட்டும். நாந்தான் அனுப்பச் சொன்னேன்."

வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்பது எங்கள் வேலையில் எழுதாத சட்டம். கூடத்துக்கு வந்துவிட்டேன்.

தேசப்பனைத் தலையணை வைத்து உட்காரவைத்தோம். வலது கையில் ரிமோட்டைக் கொடுத்தேன். ஆன் பட்டனில் ஏற்கெனவே சிவப்புப் பொட்டு வைத்திருந்தேன். விரலால் தடவி, பொட்டைக் கண்டுபிடித்து, முதல் அழுத்தலிலேயே போட்டார். முடியாது என்று நான் சொன்ன மனிதர். மூன்று முறை போட்டு, மூன்று முறை அணைத்தார். பட்டைப் படத்தைப் போட்டுவிட்டுக் கேட்டேன்.

"எத்தினி நெறம் தெரியுதுண்ணே?"

அவர் நிதானமாகப் பார்த்தார். வலது கையில் மூன்று விரலைக் காட்டினார்.

வேலு சிரித்துவிட்டான். "அப்பாவுக்கு எண்றதும் மறந்து பூட்ச்சிண்ணா. உடு."

எனக்கு மட்டும் அந்த மூன்று உறுத்தியது. எண்ண மறந்தவர் கணக்காக மூன்று முறை ரிமோட்டை அழுத்தியிருக்க மாட்டார். "என்னென்ன நெறம்ண்ணே?" என்றேன். "நீலம். செவப்பு. கத்திரிப்பூ" என்றார். வலது ஓரத்திலிருந்து வரிசையாக, ஒன்றுகூடத் தப்பில்லை. கறுப்பை எல்லோரையும்போல அவரும் எண்ணவில்லை. பச்சையிலிருந்து இடது பக்கம் முழுக்க விட்டுவிட்டார். டி.வி.யில் பாதித் திரை போய்விட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். மெக்கானிக் புத்தி வேறெங்கே போகும். அவர் தலைக்குப் பக்கத்தில் என் தலையைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். எட்டும் பளிச்சென்று தெரிந்தன. எழுந்து போய் மேஜையைச் சுவர்ப் பக்கமாக இரண்டடி தள்ளினேன். "இப்ப எண்ணுண்ணே."

அவர் எண்ணினார். விரல் போதவில்லை. வாயால் சொன்னார். "ஏழு."

வேலு சிரிப்பதை நிறுத்தினான். நான் மேஜையைப் பழைய இடத்துக்கு இழுத்தேன். மூன்று. மறுபடி தள்ளினேன். ஏழு.

வெளியே வந்து தயாளன் சாருக்குப் போன் செய்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். "டி.வி.ல கோளாறு இல்ல. அவருக்கு எடது பக்கம் தெரியலபோல. நாம டாக்டர் இல்ல, கண்டிப்பா ஆஸ்பத்திரில காட்டச் சொல்லு" என்றார். போனை வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். அப்போது கேட்டார். "அந்தம்மா எந்தப் பக்கம் உக்காந்து அவருக்குச் சோறு ஊட்றாங்க?"

வாசல் வழியாகக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். கட்டிலுக்கு வலப்பக்கம் சுவர். அந்தப் பக்கம் உட்கார இடமே இல்லை. நாலு மாதமாக அந்த வீட்டில் எல்லோரும் அவருக்கு இடப்பக்கமாகத்தான் வந்து நின்றிருக்கிறார்கள், நானும் சேர்த்து. கால்மாட்டில் சுவரோரம் குந்தியிருந்தபோது மட்டும்தான் நான் அவர் கண்ணில் பட்டிருக்கிறேன்.

பின்னால் வேலு அவரைச் சென்னைக்கு அழைத்துப்போனான். அங்கே நரம்பு டாக்டர் எல்லாவற்றையும் விளக்கினாராம். மூளையில் வலது பக்கம் அடிபட்டால், சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதுக்குத் தெரியாமல் போய்விடுமாம். பார்வை போனது அவர்களுக்கே தெரியாது, அதனால் சொல்லவும் மாட்டார்கள். இடப்பக்கமிருந்து கூப்பிட்டால், குரல் வருகிறதே என்று, தங்களுக்குத் தெரிந்த ஒரே பக்கமான வலப்பக்கம் திரும்பித் தேடுவார்களாம். அன்று எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்ததெல்லாம் மூன்றும் ஏழும்தான்.

நான் உள்ளே வந்து வேலுவிடம், "கட்டிலத் திருப்பணும்ப்பா, தல மாட்டையும் கால் மாட்டையும் மாத்தி" என்றேன். ஏன் என்று கேட்டான். சொன்னேன். அவன் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தான். தேசப்பன் மேலேயே உட்கார்ந்திருக்க, இரண்டு பேரும் மூச்சு வாங்க, இரும்புக் கால் தரையில் கிறீச்சிட, இழுத்துத் திருப்பினோம். இப்போது சுவர் அவருக்கு இடப்பக்கம். வாசலும் கூடமும் சமையலறையும் வலப்பக்கம். அவர் கண்ணைச் சுருக்கி, ஊருக்குப் புதிதாக வந்தவர்போல் தன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். வாசலில் காய்ந்த வலையைப் பார்த்தார்.

சத்தம் கேட்டுக் கன்னியம்மா, "இன்னாடா உருட்டிக்கினு கீறீங்க" என்றபடி கையில் கஞ்சி டம்ளரோடு வந்தார். திரும்பியிருந்த கட்டிலைப் பார்த்து ஒரு நொடி தயங்கினார். வேலு வாயைத் திறந்தான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் தெரியாது. கன்னியம்மா வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். புருஷன் திருப்பிக்கொள்ளப்போகிற முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான் குனிந்திருப்பார்.

தேசப்பன் முகத்தைத் திருப்பவில்லை. அவரைப் பார்த்தார். உச்சியிலிருந்து கால் வரை பார்த்தார். நல்ல கை மெல்ல எழுந்து கன்னியம்மாவின் முழங்கையைப் பிடித்தது. கஞ்சி தளும்பி அவர் லுங்கியில் சிந்தியது. அதை அவர் கவனிக்கவில்லை.

"எங்கடி பூட்ட இத்தினி நாளா?" என்றார். குழறிய குரலில் கோபம் இருந்தது, ஆனால் அது தொலைந்துபோய்க் கிடைத்தவரிடம் காட்டுகிற கோபம். "சத்தம் மட்டும் கேக்குது. தேடுறேன், தேடுறேன், ஆளக் காணோம்."

கன்னியம்மா என்னைப் பார்த்தார், வேலுவைப் பார்த்தார். வேலு அழுதுகொண்டிருந்தான். நானும்தான். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அத்தைக்குப் போன் போட்டு அப்பா வரலன்னு சொல்லுடா" என்றார் வேலுவிடம். பிறகு புருஷன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "எங்கியும் போவலய்யா. இங்கதான் கீறேன்" என்றார்.